925 என்று குத்தியிருந்தால் வெள்ளியா?

கேள்வி, 14 ஜூன் 2024

ஆன்லைனில் ஒரு ஜோடி கொலுசு வாங்கினேன். 649 ரூபாய். கொக்கிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 925 என்று குத்தியிருக்கிறது. ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தேன், விறுவிறுவென்று உருகியது. காந்தம் ஒட்டவில்லை. அசல் வெள்ளிதான் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

14 ஜூன் 2024, இரவு

நான் உங்கள் வீட்டார் பக்கம்.

ஐஸ் உருகியது வெள்ளி என்பதால் அல்ல. வெள்ளி வெப்பத்தை வேகமாகக் கடத்தும், உண்மைதான். ஆனால் செம்பும் ஏறக்குறைய அதே வேகத்தில் கடத்தும். அடியில் செம்பு, மேலே வெள்ளி முலாம் என்றால் ஐஸுக்கு வித்தியாசம் தெரியாது. பித்தளை கொஞ்சம் மெதுவாக உருக்கும், ஆனால் பக்கத்தில் அசல் வெள்ளி ஒன்றை வைத்து ஒப்பிட்டால்தான் அதுவும் தெரியும். காந்தமும் அப்படியே. செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும் வெள்ளி, உண்மையில் செம்புக் கலவை) எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

925 முத்திரை? ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அதற்கு அர்த்தம். ஆனால் அந்த எண்ணைக் குத்தும் அச்சு யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கொலுசு எத்தனை கிராம்?

15 ஜூன் 2024

எடை எங்கேயும் போடவில்லை என்கிறீர்கள். அப்போதே கதை முடிந்தது. இருந்தாலும் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இன்று வெள்ளி கிராம் சுமார் 95 ரூபாய். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்றால் கிராமுக்கு 88 ரூபாய்க்கான வெள்ளி. 649 ரூபாய்க்கு ஏழு கிராம் சொச்சம்தான் வரும். அதுவும் செய்கூலி இல்லாமல், டெலிவரி இல்லாமல், விற்பவர் ஒரு பைசா லாபம் பார்க்காமல். ஏழு கிராமில் ஜோடிக் கொலுசு கைக்குழந்தைக்கே நூல் மாதிரி இருக்கும்.

வாங்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது என்று உங்களைச் சொல்லலாம்தான். ஆனால் நான் சொல்ல முடியாது. ஏன் என்று இதோ.

15 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழித்து

போன தீபாவளிக்கு என் மகன் காப்பு கேட்டான். பதினேழு வயது. கல்லூரிக்குப் போனால் வெள்ளிக் காப்பு போட வேண்டும் என்று எங்கோ சட்டம் இருக்கிறது போல. நான் கணக்கு வேலை பார்ப்பவள், காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் பில்லில் தப்பு கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. தெருவுக்கு நாலு கொலுசுப் பட்டறை. ஊதுகுழல் சத்தத்தில் வீட்டுப்பாடம் எழுதியவள். இவ்வளவு தகுதியோடு ராத்திரி பதினொரு மணிக்கு போனைத் தடவிக்கொண்டே 899 ரூபாய்க்கு ஒரு காப்பு வாங்கினேன்.

விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தது 'பிரீமியம் 925 சில்வர் ஃபினிஷ்'. நான் 925 வரைக்கும் படித்தேன். கடைசிச் சொல்லைப் படிக்கவில்லை.

காப்பு வந்தது. நல்ல கனம், நல்ல பளபளப்பு, வெல்வெட் பெட்டி. உள்பக்கம் 925. இரண்டாவது வாரம் மணிக்கட்டில் பச்சையாக ஒரு வளையம். மூன்றாவது வாரம் அரிப்பு. அப்போதுதான் தராசில் வைத்தேன்: 31.2 கிராம். அப்போது வெள்ளி கிராம் 75 ரூபாய் அளவில் இருந்தது. 925 என்றால் வெள்ளிக்கு மட்டும் 2,160 ரூபாய்க்கு மேல். 899 ரூபாய்க்கு எப்படி? அந்தக் கேள்வியை என் க்ளையன்ட் பில்லில் பார்த்திருந்தால் உடனே சிவப்புப் பேனா எடுத்திருப்பேன்.

திருப்பி அனுப்பும் நாள் போய்விட்டது. விற்பவருக்கு எழுதினேன். 'மேடம், பக்கத்தில் ஃபினிஷ் என்றுதானே போட்டிருக்கிறோம்' என்று பதில். சரிதான், போட்டிருந்தார்கள்.

16 ஜூன் 2024

சிலர் கேட்டதால், விற்பனைப் பக்கத்தில் நான் இப்போது தேடும் சொற்கள்: ஃபினிஷ், டோன், பிளேட்டட், கோட்டட், பாலிஷ்டு, ஆக்ஸிடைஸ்டு. இவற்றில் ஒன்று 'சில்வர்' பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது நிறத்தைத்தான் சொல்கிறது, உலோகத்தை இல்லை. ஆக்ஸிடைஸ்டு மட்டும் கொஞ்சம் தந்திரமானது. அசல் வெள்ளியையும் வேண்டுமென்றே கறுக்க வைத்து விற்பார்கள், பித்தளை மேல் கறுப்பு பூசியும் விற்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர்.

ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். திபெத்தியன் சில்வர் என்று விற்பதிலும் பெரும்பாலும் வெள்ளியைத் தேட வேண்டியதில்லை. பழைய ஸ்பூன், தட்டுகளில் 'இபிஎன்எஸ்' என்று குத்தியிருக்கும். அதுவும் ஜெர்மன் சில்வர் மேல் மின்முலாம்தான். பெயரில் வெள்ளி இருப்பதெல்லாம் வெள்ளி என்றால் எங்கள் தெரு வெள்ளியங்கிரி பெரிய சொத்து.

கவரிங்கை நான் மட்டமாகப் பேசவில்லை. சிதம்பரம் கவரிங்கை கவரிங் என்று சொல்லியே விற்கிறார்கள், நாமும் தெரிந்தே வாங்குகிறோம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. என் கோபம் அந்த 925 மேல்.

19 ஜூன் 2024

தண்ணீர்ச் சோதனை. வீட்டில் செய்யக்கூடியதில் எனக்கு நம்பிக்கை உள்ளது இது ஒன்றுதான்.

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும், சமையல் தராசு போதாது. முதலில் நகையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். நகையை நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, டம்ளரின் அடியோ பக்கமோ தொடாமல் தொங்க விடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். அதுதான் நகை விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

சுத்த வெள்ளி 10.49. ஸ்டெர்லிங், அதாவது 925 வெள்ளி, 10.36 பக்கம். செம்பு 8.96. பித்தளையும் ஜெர்மன் சில்வரும் எட்டரையை ஒட்டி.

என் மகன் காப்பு: 31.2 வகுத்தல் 3.58. சுமார் 8.7 வந்தது. வெள்ளியாக இருந்தால் தராசு 3.01 காட்டியிருக்க வேண்டும். பச்சை வளையமும் அரிப்பும் இப்போது புரிந்தது. அடியில் ஜெர்மன் சில்வர். பச்சை செம்பால் வந்தது, அரிப்பு அநேகமாக நிக்கலால்.

21 ஜூன் 2024

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம். ஒருவர் அம்மாவின் கொலுசை முக்கிப் பார்த்து அடர்த்தி ஏழு வந்தது, முப்பது வருடமாக ஏமாந்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். அம்மாவிடம் அதற்குள் சொல்லியும் விட்டாராம். ஐயா, அவசரப்படாதீர்கள். அந்தக் கொலுசில் முத்துச் சலங்கை இருக்கிறதா? அது உள்ளே கூடு. காற்று அடைபட்டிருக்கும். குழலாகச் செய்த வளையல், கல் பதித்தது, அரக்கு நிரப்பியது எதற்கும் இந்தச் சோதனை வேலைக்கு ஆகாது. நெருக்கமாகப் பின்னிய சங்கிலியில்கூட இடுக்கில் குமிழி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, ஆட்டி, பிறகு பாருங்கள்.

கெட்டியான காப்பு, மோதிரம், நாணயம் இவற்றுக்குத்தான் அது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

22 ஜூன் 2024

மன்னிப்பு என்றதும் எனக்கே ஒன்று நினைவு வந்தது.

காப்புச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு எல்லாமே போலியாகத் தெரிந்தது. பொங்கலுக்கு என் தங்கைக்கு ஒரு மெல்லிய சங்கிலி வாங்கினேன், இதுவும் ஆன்லைன்தான். எடை போட்டிருந்தார்கள், விலையும் பொருந்தியது, பில்லும் ஒழுங்கு. வந்ததும் காந்தத்தைக் கொண்டுபோனேன். கொக்கி லபக்கென்று ஒட்டியது. உடனே படம் எடுத்து, ஒரு நட்சத்திரம் போட்டு, 'மோசடி' என்று தலைப்பு வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

கொலுசுப் பட்டறை வைத்திருந்த என் மாமா சொல்லித்தான் தெரியும், அழுத்தித் திறக்கும் அந்த மாதிரிக் கொக்கியின் உள்ளே குட்டி ஸ்பிரிங் இருக்கும். அது எஃகு. வெள்ளியில் ஸ்பிரிங் செய்தால் இரண்டு நாளில் தளர்ந்துவிடும். சங்கிலியின் நடுவில் காந்தம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கொக்கியில் வைத்தேன்.

விமர்சனத்தை நீக்கினேன். விற்பவருக்கு எழுதினேன். அவர் 'பரவாயில்லை மேடம்' என்று மட்டும் பதில் போட்டார். அந்த 'மேடம்' கொஞ்சம் நீளமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

24 ஜூன் 2024

'வாங்கி ஒரு வருடம் ஆகிறது, கறுக்கவே இல்லை, அதனால் போலி' என்றும், 'ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது, அதனால் போலி' என்றும் ஒரே நாளில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே பதில்.

வெள்ளி கறுப்பது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகத்தால். முலாமாகப் பூசிய வெள்ளியும் வெள்ளிதானே, அதுவும் கறுக்கும். ஆக, கறுத்தால் மேற்பரப்பில் வெள்ளி இருக்கிறது என்பது வரைதான் தெரியும், ஆழம் தெரியாது. கறுக்காமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. இப்போது வரும் 925 நகை நிறையவற்றில் மேலே ரோடியம் பூசுகிறார்கள். அது வெள்ளியைவிட விலை கூடிய உலோகம், கறுக்காது, கொஞ்சம் எவர்சில்வர் மாதிரி வெளுப்பாக மின்னும். அதைப் பார்த்து நம் பாட்டிகள் 'இது வெள்ளியே இல்லடி' என்பார்கள். வெள்ளிதான்.

2 ஜூலை 2024

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் எழுதியது: '925 இல்லாத எல்லாமே போலி, அந்தக் கணக்கில் சேலம் கொலுசு முக்கால்வாசி போலி.' செவ்வாய்ப்பேட்டைக்காரி சும்மா இருப்பேனா. ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போனேன்.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பட்டறையை மூடி ஆறு வருடம் ஆகிறது, ஆனால் பலகையும் உரைகல்லும் இன்னும் முன்னறையில் இருக்கின்றன. அவர் 925 என்று பேசவே மாட்டார். எல்லாம் டச் கணக்குதான். எண்பது டச், எழுபது டச். நூறு கிராமில் எழுபது கிராம் வெள்ளி, மீதி செம்பு, அதற்குப் பெயர் எழுபது டச். 'ஏன் மாமா குறைக்கணும்?' என்றேன். தங்கம் மாதிரி வெள்ளியும் சுத்தமாக இருந்தால் பஞ்சு. தினமும் காலில் கிடந்து, கட்டிலில் உரசி, படியில் இடிபடும் சாமான். செம்பு சேர்த்தால்தான் முறுக்கு நிற்கும் என்றார். அப்புறம் விலை. அறுவடை முடிந்து வரும் பெண், கையில் உள்ள காசுக்குக் கனமாக ஒன்று கேட்பாள்.

பிறகு இன்னொன்றைக் காட்டினார். ஒரு பழைய கொலுசை எடுத்து, வளையங்கள் சேரும் இடத்தை ஊசியால் தொட்டார். ஒவ்வொன்றும் பொடி வைத்து ஊதிய இடம். பற்றவைக்கும் பொடி, நகையைவிட முன்னால் உருக வேண்டும். அதனால் அதில் வெள்ளி குறைவு. ஒரு கொலுசில் நூற்றுக்கணக்கில் இப்படிப் பற்று. கம்பி எண்பது டச் என்றாலும், முழுக் கொலுசையும் உருக்கிப் பார்த்தால் எண்பது வராது. 'இது திருட்டு இல்ல, கொலுசோட லட்சணம்' என்றார்.

'அப்போ எதுதான் போலி?'

'விக்கும்போது எண்பதுன்னு சொல்லி, திருப்பி எடுக்கும்போது அறுபதுன்னு சொல்றான் பாரு, அவன் போலி. கொலுசு என்ன பண்ணும்?'

ஆக, குறைந்த டச் ஒரு விஷயம், முலாம் வேறு விஷயம். எழுபது டச் கொலுசை எத்தனை வருடம் தேய்த்தாலும் உள்ளே அதே எழுபதுதான் இருக்கும். அடகுக்குப் போகும், உருக்கினால் காசு வரும். முலாம் தேய்ந்தால் பித்தளை. ஆனால் எழுபது டச்சை 925 என்று சொல்லி, அந்த விலைக்கு விற்றால் அதுவும் ஏமாற்றுதான். அந்த அளவுக்கு எழுதியவர் சொன்னது சரி.

தண்ணீர்ச் சோதனையில் இவற்றைப் பிரிக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுபது டச்சுக்கு அடர்த்தி 9.98 வருகிறது, 925க்கு 10.36. நாலு சதவீத வித்தியாசம். ஒரு குமிழி ஒட்டினால் போச்சு. முலாமைப் பிடிக்கலாம், டச்சைப் பிடிக்க உரைகல்தான்.

3 ஜூலை 2024

கொஞ்சம் திசை மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா வீட்டில் அத்தை ஒரு சுருக்குப்பை எடுத்துவந்தார். உள்ளே பாட்டியின் ராணிக்காசு ஐந்து, ராஜா தலைக்காசு மூன்று. அந்தக் காலத்தில் வெள்ளி வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை, ரூபாயைக் கொடுத்து உருக்கிக் கொலுசு செய்யச் சொல்வார்களாம். விக்டோரியா ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கிட்டத்தட்ட 917. ஸ்டெர்லிங்குக்கு ஒரு மயிரிழை கீழே. ஆக, பாட்டிக்கு நம்பகமான முத்திரை ராணியின் தலைதான்.

ஆனால் 1940ல் அரசாங்கமே ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 1947ல் நிக்கல் ரூபாய். தராசை எடுத்துப் போயிருந்தேனே, விடுவேனா. ராணிக்காசு 10.3 பக்கம் வந்தது. ராஜா காசில் 1944 போட்ட ஒன்று ஒன்பதரையை ஒட்டி நின்றது. மாமா சிரித்தார். 'உங்க பாட்டி அதைக் கையில எடுத்துப் பார்த்தே ஒதுக்கிடுவா' என்றார்.

29 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவரிடமிருந்து சேதி. கொலுசின் வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிட்டதாம். பித்தளை. முலாம் எப்போதும் முதலில் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். உரசும் இடம், விளிம்பு, கொக்கியின் உள்பக்கம். சில மாதம் கழித்துப் படத்தோடு வரும் விமர்சனங்களைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பெட்டி பிரித்த அன்று போட்ட ஐந்து நட்சத்திரம் பெட்டிக்கான நட்சத்திரம்.

அவர் ஒரு நகைக்கடையில் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில், அதாவது எக்ஸ்ரே பாய்ச்சி எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் மெஷினில், வைத்துப் பார்த்திருக்கிறார். வெள்ளி நாற்பது சொச்சம் என்று திரையில் வந்ததாம். கடைப் பையன் 'நாற்பது டச் வெள்ளிக்கா, மோசமில்ல' என்றானாம். இல்லை! அந்த மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கிறது. மெல்லிய முலாமும் அடியில் உள்ள பித்தளையும் சேர்ந்து கலவையாகத் தெரிந்திருக்கிறது. முலாம் கனமாக இருந்தால் தொண்ணூறுகூடக் காட்டும். அரத்தால் ஒரு ஓரத்தில் கீறி, கீறின இடத்தில் திரும்ப வைக்கச் சொல்லுங்கள் என்றேன். வைத்தார். ஐந்துக்கும் கீழே.

பின்குறிப்பு: கீறிப் பார்ப்பதும் எப்போதும் கை கொடுக்காது. என் மகன் காப்பைக் கீறினால் உள்ளேயும் வெள்ளை. ஜெர்மன் சில்வரின் நிறமே அதுதான். கண்ணுக்கு ஏமாற்று, மெஷினுக்கு இல்லை. நைட்ரிக் அமிலம் வாங்கி வீட்டில் சொட்டுவிட்டுப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. நகை போலியாக இருந்தால் 649 ரூபாய் நஷ்டம். கண் அதைவிட விலை கூட.

17 நவம்பர் 2024

என் தொழிலிலிருந்து ஒன்று. இது எனக்கு முதலிலேயே தோன்றாதது எனக்கே வெட்கம்.

பில்லைப் பாருங்கள். பொருளுக்கு எதிரே ஹெச்எஸ்என் எண் இருக்கும், ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகை பிரிக்கும் எண். வெள்ளி நகைக்கு 7113ல் தொடங்கும், இன்னும் விரித்துப் போட்டால் 711311. இமிடேஷன் நகைக்கு 7117. விற்பனைப் பக்கத்தில் 925 ஸ்டெர்லிங் என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள் பில்லில் 7117 போட்டதை இந்தத் தீபாவளிக்குத் தோழி ஒருத்தி கொண்டுவந்த பில்லில் பார்த்தேன். விளம்பரத்தில் பொய் சொல்லலாம், ஜிஎஸ்டிகாரனிடம் சொல்லப் பயம். அவள் அந்த எண்ணைக் காட்டி, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன் என்று எழுதியதும் முழுப் பணமும் வந்தது.

என் பழைய காப்பு பில்லை மெயிலில் தேடி எடுத்தேன். 7117. ஒரு வருடமாக என் இன்பாக்ஸில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

18 நவம்பர் 2024

ஆனால் பில் வருவது காசு கொடுத்த பிறகு என்று சுட்டிக்காட்டியவருக்கு: ஆமாம். அதனால்தான் முன்கூட்டியே கேள்வி கேளுங்கள் என்கிறேன். 'வெள்ளி மட்டும் எத்தனை கிராம், அடி உலோகம் என்ன, பில்லில் என்ன ஹெச்எஸ்என் வரும்?' இவ்வளவுதான். போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 'ஹை குவாலிட்டி மேடம், கலர் கேரண்டி' என்று பதில் வந்தால் அடுத்த கடை. வெள்ளிக்கு எதற்குக் கலர் கேரண்டி?

6 செப்டம்பர் 2025

ரொம்ப நாள் கழித்து. இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து வெள்ளிக்கும் ஹால்மார்க்கில் ஹெச்யுஐடி எண் வந்துவிட்டது. தங்கத்தில் பார்த்திருப்பீர்கள், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம், ஒவ்வொரு நகைக்கும் தனி. ஹால்மார்க்கை நடத்தும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அடித்தால் என்ன பொருள், என்ன தரம், எங்கே சோதித்தது என்று வரும். வெறும் 925 என்று குத்துவதற்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான். அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு இது ரொம்பவே உபயோகம். பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, எண்ணை அடித்து, பொருந்தாவிட்டால் அன்றே திருப்பிவிடலாம். இனி ஹால்மார்க் இல்லாத வெள்ளியை விற்கவே முடியாது.

7 செப்டம்பர் 2025

நேற்றைய கடைசி வரி தப்பு. வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் கட்டாயம் இல்லை, விரும்பினால் போடலாம். தங்கத்தோடு குழப்பிக்கொண்டேன். திருத்தியவருக்கு நன்றி, 'கணக்குப்பிள்ளையம்மா தூங்கிட்டாங்க' என்று சொல்லியிருக்க வேண்டாம்.

இன்னொன்று. ஹால்மார்க் தரங்களில் கீழே உள்ளது 800. அதாவது எண்பது டச். எழுபது டச் கொலுசுக்கு முத்திரை கிடைக்காது. மாமாவிடம் சொன்னேன். 'கிடைக்காட்டி போவுது, பில்லுல எழுபதுன்னு எழுதிக் குடுத்தா போதும்' என்றார். யார் எழுதித் தருகிறார்கள் என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

28 டிசம்பர் 2025

வெள்ளி கிராம் இருநூறைத் தாண்டிவிட்டது. இந்த இழையின் தொடக்கத்தில் 95 ரூபாய் என்று நான் எழுதியதைப் படித்தால் ஏதோ சோழர் காலத்துக் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. விலை ஏற ஏற '925' குத்திய 499 ரூபாய்க் கொலுசுகளும் கூடிக்கொண்டே வருகின்றன. கணக்கு அதேதான், எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 499 இப்போது மூன்று கிராமுக்குக்கூட வராது.

கேள்வி கேட்டவர் கடைசியில் உள்ளூர்க் கடையில் வாங்கிவிட்டாராம். எண்பது டச், பில்லில் எழுதி வாங்கியிருக்கிறார். படம் போட்டிருந்தார். நன்றாக இருக்கிறது.

11 ஜனவரி 2026

மகன் காப்பு என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். அவன் போடுவதில்லை. நான் பையில் வைத்திருக்கிறேன், யாராவது தண்ணீர்ச் சோதனை கேட்டால் காட்ட.

நேற்று மாமாவிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். கையில் வாங்கி எடை பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். நகத்தால் விளிம்பைத் தடவினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்பக்கம் உற்றுப் பார்த்தார். உரைகல்லை எடுக்கவே இல்லை.

'வெள்ளி இல்ல' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'ஆனா பாலிஷ் போட்டவன் கைகாரன். பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தான்னா நம்ம பட்டறையில வெச்சிருப்பேன்.'